கோட்டிங் போட்ட வண்டிக்கு வேக்ஸ் டப்பா எதற்கு?

மதுரையில் இப்போது புது வண்டி எடுக்கப் போனால் இன்சூரன்ஸ், சீட் கவர், மேட் என்று நீளும் பட்டியலில், பெயின்ட் மேல் பூசும் செராமிக் கோட்டிங்கும் ஒரு வரியாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. “இதைப் போட்டுட்டா அஞ்சு வருஷத்துக்கு வேக்ஸ் பக்கமே போக வேணாம் சார்” என்பார்கள். விற்பவர் கணக்கில் அது லாபம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேக்ஸ் டப்பாவைத் திறந்து, வாசனை பிடித்து, பானெட்டில் வட்டம் போட்டுப் பழகியவருக்கு அது லாபமா நஷ்டமா என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். எடைபோடுவது மூன்று பொருள்கள்: கையால் பூசும் மெழுகான பேஸ்ட் வேக்ஸ், பட்டறையில் பூசும் செராமிக் கோட்டிங், கோட்டிங் மேல் அடிக்கும் சிலிக்கா ஸ்ப்ரே. எடைபோடும் இடம் மதுரை வெயில், மதுரைப் புழுதி, எல்லாவற்றுக்கும் மேலாக மதுரை போர் தண்ணீர்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். நாலைந்து வருஷம் வைத்திருக்கப்போகிற, கூரையில்லாத இடத்தில் நிற்கிற வண்டிக்குக் கோட்டிங் உருப்படியான செலவு. ஆனால் அது வேலையை மிச்சப்படுத்துகிறது என்று நம்பி வாங்காதீர்கள். பூசுவதில் இருந்த உழைப்பும் ருசியும் கழுவித் துடைப்பதற்கு இடம் மாறுகின்றன, அவ்வளவுதான். அந்தக் கழுவல் சரியில்லை என்றால் இருபதாயிரம் ரூபாய் கோட்டிங்கும் ஐந்நூறு ரூபாய் வேக்ஸும் ஆறே மாதத்தில் ஒரே மாதிரி தெரியும்.

முதலில் வேக்ஸ். அதற்கு மெழுகு தருகிற கார்னுபா என்பது பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை. நம் பனைக்குத் தூரத்துச் சொந்தம். வறண்ட காற்றில் ஈரம் போய்விடாமல் இருக்க அதன் ஓலை தானே பூசிக்கொள்ளும் மெழுகை, ஓலையைக் காயவைத்துத் தட்டி உதிர்த்து எடுக்கிறார்கள். தனியாகப் பார்த்தால் கல் மாதிரி இறுகலாக இருக்கும். 82 முதல் 86 டிகிரி வரை சூடாக்கினால்தான் உருகும். அதனால் எண்ணெய், கரைப்பான், தேன்மெழுகு போன்றவற்றைக் கலந்துதான் விரலுக்குக் குழையும் பதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். டப்பா மேல் “100 சதவீதம் கார்னுபா” என்று இருந்தால், உள்ளே இருக்கிற கார்னுபா சுத்தமானது என்று பொருள். டப்பா முழுக்கவே கார்னுபா என்று படித்துக்கொள்ளக் கூடாது.

வேக்ஸ் போடும் பழக்கம் வேறொரு காலத்துப் பெயின்ட்டிலிருந்து வந்தது. மெக்குயர்ஸ் 1901இல் மரச்சாமான் பாலீஷ் செய்துதான் தொடங்கியது. அம்பாசிடர், பத்மினி காலத்துப் பெயின்ட்டுக்கு மேலே தனியாகக் கிளியர் கோட், அதாவது நிறமில்லாத காப்புப் படலம், கிடையாது. பாலீஷ் போட்டால் துணியில் வண்டியின் நிறமே ஏறும். வெயிலில் பெயின்ட் வெளுத்துப் பொடிந்தது, மெழுகு அதைக் காத்தது. இன்றைய வண்டிகளில் மொத்தப் பெயின்ட் தடிமன் சுமார் 100 முதல் 130 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் மேலே 40 மைக்ரான் அளவுக்குக் கிளியர் கோட் இருக்கிறது. அன்றாட வெயிலை அதுவே தாங்கிக்கொள்ளும். ஆக, கிளியர் கோட் வந்ததிலிருந்தே வேக்ஸ் பாதி தேவை, பாதி ஆசை. கோட்டிங் வந்த பிறகு தேவைப் பாதியும் கழன்றுகொண்டது. மிச்சம் ஆசை மட்டும்.

அந்த ஆசைக்குக் கிடைக்கும் பலன் நிறத்தைப் பொறுத்தது. கறுப்பு, அடர் நீலம், மெரூன் வண்டிகளில் கார்னுபா தரும் ஈரப் பளபளப்பை வெறும் கண்ணிலேயே பார்க்கலாம். வெள்ளையிலும் வெள்ளியிலும் பக்கத்து வீட்டுக்காரர்கூடக் கண்டுபிடிக்க மாட்டார். நம் சாலையில் மற்ற நிறங்களைவிட வெள்ளைதான் அதிகம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை வண்டிக்காரருக்கு மிஞ்சுவது கைக்குத் தெரியும் வழுக்கல்தான். அதுவும் குறைந்த இன்பம் இல்லை.

பூசுவதில் ஆகும் தவறு கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றேதான்: அளவுக்கு மீறி எடுப்பது. ஒரு ஹேட்ச்பேக்குக்கு ஐந்து முதல் எட்டு கிராம் வேக்ஸ் போதும். 200 கிராம் டப்பா இருபத்தைந்து தடவைக்குக் குறையாமல் வரும். டப்பா நாலு தடவையில் தீர்ந்தால், தீர்ந்தது வண்டியில் இல்லை, துடைத்த துணியில் இருக்கிறது. நிழலில், காலை ஆறிலிருந்து எட்டு மணிக்குள், பெயின்ட் கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது ஒவ்வொரு பேனலாக முடிக்க வேண்டும். ஃபோம் அப்ளிகேட்டரை ஒருமுறை வேக்ஸில் லேசாகத் திருப்பினால் அரை பானெட்டுக்குப் போதும். ஐந்து நிமிடம் கழித்து விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு தெளிவாக விழுந்தால் துடைக்கலாம், ஈஷினால் பொறுக்க வேண்டும். வெயிலில் பூசினால் கரைப்பான் சட்டென்று ஆவியாகி, மெழுகு காய்ந்த சுண்ணாம்பு மாதிரி பிடித்துக்கொள்ளும். அதை எடுக்க அழுத்தித் தேய்ப்பார்கள். பளபளப்புக்காகத் தொடங்கிய வேலை கீறலில் முடிவது அப்படித்தான். கறுப்பு பிளாஸ்டிக் ஓரங்களில் வெள்ளையாகத் தங்கினால் பழைய டூத் பிரஷ்ஷும் ஷாம்பு தண்ணீரும் போதும்.

ஆயுள்? வெளியே நிற்கும் வண்டியில், கத்திரி வெயில் நாட்களில், ஒரு சாதாரண பேஸ்ட் வேக்ஸ் நாலிலிருந்து ஆறு வாரம். வெயிலில் நிற்கும் கறுப்பு பானெட் தொட முடியாத அளவுக்குச் சுடும். எண்ணெய் கலந்த மெழுகு அந்தச் சூட்டில் இளகி, மேலூர் ரோட்டுப் புழுதியைத் தன்னோடு ஒட்டவைத்துக்கொள்ளும். கோடையில் வேக்ஸ் போட்ட வண்டி சீக்கிரம் மங்குவது இதனால்தான்.

இனி கோட்டிங். பாட்டிலில் இருப்பது சிலிக்கா சார்ந்த ஒரு திரவம். கரைப்பான் பறந்த பிறகு கிளியர் கோட்டோடு வேதிப்பிணைப்பாகப் பிடித்துக்கொண்டு இறுகுகிறது. படலத்தின் தடிமன் ஒரு மைக்ரானை ஒட்டித்தான். கிளியர் கோட்டில் நாற்பதில் ஒரு பங்கு. “கண்ணாடி மாதிரி மொத்தமா ஒரு லேயர்” என்று சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். விளம்பரத்தில் வரும் 9ஹெச் என்பதும் பென்சில் கடினச் சோதனையின் உச்சப் படி. கனிமங்களை அளக்கும் மோஸ் அளவுகோலோடு அதற்குச் சம்பந்தமில்லை. யானைமலைப் பக்கக் கிரானைட் தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் மோஸ் அளவில் 7. அந்தத் தூசி படிந்த வண்டியைக் காய்ந்த துணியால் தட்டித் துடைத்தால் 9ஹெச் கோட்டிங்கும் கீறும். அபார்ட்மென்ட் வாசலில் தினமும் காலையில் வாட்ச்மேன் அண்ணன் அன்போடு செய்கிற வேலை அதுதான். கோட்டிங் போட்ட அன்றே அவரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுவது நல்லது.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கோட்டிங்கின் தரத்தில் பெரும்பங்கு அதற்கு முந்தைய வேலையில் இருக்கிறது: கழுவல், தார் நீக்கம், இரும்புத் துகள் நீக்கி (அடித்ததும் ஊதா நிறத்தில் வழியும்), க்ளே (ஒட்டிய அழுக்கைப் பிடித்தெடுக்கும் களிமண் கட்டி), பிறகு கீறலை அரைத்தெடுக்கும் காம்பவுண்டும் பாலீஷும். கடைசியாகப் பாலீஷ் எண்ணெய் போக ஐ.பி.ஏ. (ஐசோபுரொபைல் ஆல்கஹால்) துடைப்பு, ஒரு பங்குக்கு மூன்று பங்கு காய்ச்சி வடித்த தண்ணீர் கலந்தால் சரியாக இருக்கும். இந்த எண்ணெய் போகாமல் பூசினால் கோட்டிங் பெயின்ட்டைப் பிடிக்காது, எண்ணெயைத்தான் பிடிக்கும். இரண்டு மாதத்தில் தண்ணீர் முத்து முத்தாக உருள்வது நின்றுபோகும். காலையில் விட்டு மாலையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் இதில் ஏதோ சில படிகளைத் தாண்டுகிறார்கள் என்றே பொருள். ஒழுங்காகச் செய்தால் இரண்டிலிருந்து மூன்று நாள். புது வண்டிக்குப் பாலீஷ் வேண்டாம் என்பதும் சரியில்லை. யார்டில் நின்றபோதே அதை நாலு தடவை அழுக்குத் துணியால் துடைத்திருப்பார்கள்.

பாட்டில் கணக்கையும் கேளுங்கள். ஹேட்ச்பேக்குக்கு ஒரு பூச்சுக்கு 15 முதல் 20 மில்லி, பெரிய எஸ்.யூ.வி.க்கு 30 மில்லி வரை பிடிக்கும். ஒரே 30 மில்லி பாட்டிலில் எஸ்.யூ.வி.க்கு மூன்று லேயர் என்றால் கணக்கு இடிக்கிறது. மூடி உங்கள் கண் முன்னால் திறக்கப்பட வேண்டும். திறந்த பாட்டில் காற்றின் ஈரத்தில் கழுத்துப் பக்கத்திலிருந்தே இறுகத் தொடங்கிவிடும்.

பூசும்போது வருகிற பெரிய கோளாறு மேடு, பட்டறை மொழியில் ஹை ஸ்பாட். திரவத்தைச் சின்னச் சதுரமாகக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, மேலே வானவில் நிறம் ஓடத் தொடங்கியதும் துடைத்துச் சமன் செய்ய வேண்டும். குளிர்ச்சியான அறையில் இதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் அவகாசம் இருக்கும். மே மாதம் தகரக் கொட்டகையில் அரை நிமிடம்கூட இருக்காது. துடைக்கப் பிந்தினால் எண்ணெய்க் கறை மாதிரித் திட்டு நின்றுவிடும். சற்று நேரத்துக்குள் பார்த்தால் அதே திரவத்தை மேலே தொட்டு இளக்கித் துடைக்கலாம். மறுநாள் பார்த்தால் பாலீஷ் மெஷின்தான். இங்கே கோட்டிங்குக்கு நல்ல மாதங்கள் தையும் மாசியும்: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. வண்டியை எடுக்கும்போது பகல் வெளிச்சத்தில் மட்டும் பார்க்காமல், செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். பிறகு 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது, ஒரு வாரம் ஷாம்பு கூடாது. பூசத் துடைத்த துணிகளைத் துவைத்துத் திரும்பப் பயன்படுத்தவும் கூடாது. துணியில் ஊறிய கோட்டிங் கண்ணாடிப் பொடி மாதிரி இறுகி, அடுத்த வண்டியைக் கீறும்.

இப்போது ருசி விஷயத்துக்கு வருவோம். கோட்டிங் தரும் இன்பம் மழையில் தெரியும். தாமரை இலைத் தண்ணீர் என்கிறோமே, அதேதான். வேடிக்கை என்னவென்றால் தாமரை இலை தண்ணீரை விரட்டுவதே தன் மேல் இருக்கும் நுண்ணிய மெழுகுத் துகள்களால்தான். பொற்றாமரைக் குளத்துத் தங்கத் தாமரைக்கு அந்த வித்தை கிடையாது. தாமரை இலையில் தண்ணீர்த் துளியின் தொடுகோணம் (துளி பரப்பைத் தொடும் கோணம்; கூடினால் துளி உருண்டையாகும்) 150 டிகிரிக்கு மேல் போகும். நல்ல கோட்டிங்கில் 100, 110 டிகிரி. புதிதாகப் போட்ட வேக்ஸும் இதற்குப் பக்கத்தில் வரும், ஆனால் வாரத்துக்கு வாரம் இறங்கிவிடும். கோட்டிங்கில் அது மாதக்கணக்கில் நிற்கிறது. பிரஷர் வாஷரை ஒருமுறை ஓட்டினால் புழுதி முக்கால்வாசி போய்விடுவது வேக்ஸ்காரருக்கு வாய்க்காத சுகம்.

அவர் இழப்பது என்ன? கை வேலை. கோட்டிங் போட்ட பெயின்ட்டைத் தடவினால் பல சமயம் வழுக்காது. துணி லேசாகப் பிடித்து இழுக்கும். வாசனை இல்லை. போன வாரத்தைவிட இந்த வாரம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. கோட்டிங் போட்டுவிட்டுச் சிலர் இரண்டு மாதத்தில் கழுவுவதையே விட்டுவிடுவது இந்தச் சலிப்பால்தான். அங்கேதான் தண்ணீர் வில்லனாகிறது.

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500இன்படி டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பு, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 2000 வரை. மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் எத்தனையோ போர்களின் தண்ணீர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும். வீட்டில் பாத்ரூம் குழாயில் வெள்ளையாக உப்புப் படிகிறது என்றால் வண்டியிலும் அதுவேதான் படிகிறது. 1000 டி.டி.எஸ். தண்ணீர் அரை லிட்டர் வண்டி மேல் நின்று காய்ந்தால், அரை கிராம் உப்பு பெயின்ட்டில் தங்குகிறது. வேக்ஸோ கோட்டிங்கோ இல்லாத பெயின்ட்டில் அது மெல்லிய திரையாகப் பரவும். கோட்டிங்கில் ஒவ்வொரு முத்தும் தனித்தனி வளையமாகக் காய்கிறது. எந்த அழகுக்காகப் பணம் கொடுத்தோமோ அதே அழகு கறையை ஒரே இடத்தில் குவித்துக் கொடுக்கிறது. வாரன்டி தாளைத் திருப்பிப் பாருங்கள். தண்ணீர்க் கறையும் காக்கை எச்சமும் பெரும்பாலும் விலக்குப் பட்டியலில் இருக்கும்.

வேக்ஸில் இந்தக் கறை அவ்வளவு உறுத்தாததற்குக் காரணம் எளிது. கறை மெழுகின் மேல் உட்கார்கிறது. அடுத்த மாதம் மெழுகு கரையும்போது அதுவும் சேர்ந்து போகிறது. கோட்டிங் போகாது, அதனால் கறையும் போகாது. கடையில் யாரும் சொல்லாத வித்தியாசம் இது.

கழுவும் முறை கோட்டிங்குக்கு அப்புறம்தான் கறாராக வேண்டும். அதிகாலையோ பொழுது சாய்ந்த பிறகோ, பேனல் குளிர்ந்திருக்கும்போது. முதலில் வெறும் தண்ணீரால் புழுதியை ஓட்டுங்கள். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் பத்து லிட்டர் தண்ணீருக்கு 15, 20 மில்லி பி.ஹெச். நடுநிலை (அமிலமோ காரமோ இல்லாத) ஷாம்பு, மற்றதில் கழுவும் கையுறையை அலச வெறும் தண்ணீர். மேலிருந்து கீழாக வாருங்கள். கதவின் கீழ்ப்பகுதியும் பம்பரும் கடைசி. பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம். பனியன் வேஸ்ட் துணியைக் கிரீஸ் துடைக்க வைத்துக்கொள்ளுங்கள், அதன் தையல் மடிப்பு ஒவ்வொன்றும் ஒரு கீறல். கடைசி அலசல்தான் உயிர்: இரண்டு லிட்டர் கைப்பம்பு ஸ்ப்ரேயரில் ஆர்.ஓ. தண்ணீரோ பிடித்துவைத்த மழைத்தண்ணீரோ நிரப்பி, நாலைந்து லிட்டரில் வண்டி முழுக்க ஓட்டுங்கள். உடனே தடித்த டவலை விரித்துப் போட்டு இழுத்து எடுங்கள், தேய்க்காமல். ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீரை வீணாக்க வேண்டாமே என்று வண்டி கழுவ வைத்துக்கொள்ளும் வீடுகள் நிறைய. நல்ல எண்ணம்தான், ஆனால் உப்பெல்லாம் செறிந்து வந்திருப்பது அதில்தான். வாசலைக் கழுவி விடுங்கள், வண்டிக்கு வேண்டாம்.

வளையம் விழுந்துவிட்டால், புதிதாக இருக்கும்போதே சமையல் வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து, துணியை நனைத்து ஓரிரு நிமிடம் மேலே வைத்து அலசுங்கள். சூடான பேனலில் செய்யாதீர்கள். சுண்ணாம்புக் கறை இதில் கரையும். சிலிக்கா கறை கரையாது. அதற்கு மெஷின் பாலீஷ்தான், மெஷின் ஓடினால் அந்த இடத்துக் கோட்டிங்கும் சேர்ந்து போகும். தண்ணீர் முத்து நின்றுவிட்டது, திரும்பக் கோட்டிங் போடணும் என்று யாராவது சொன்னால் அவசரப்பட வேண்டாம். பல நேரம் கோட்டிங் சாகவில்லை, உப்பும் புழுதியும் மூடியிருக்கிறது. இரும்புத் துகள் நீக்கி ஒருமுறை, வினிகர் தண்ணீர் ஒருமுறை, நன்றாக ஒரு ஷாம்பு. முத்து திரும்பினால் பணம் மிச்சம்.

சரி, கோட்டிங் மேல் வேக்ஸ் போடலாமா? கோட்டிங் கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். கோட்டிங்கின் தண்ணீர் விரட்டும் குணத்தை மெழுகு மறைக்கிறது, புழுதி சற்றுக் கூடுதலாக ஒட்டும் என்பது அவர்கள் வாதம், அதில் தப்பில்லை. மெழுகுக்குப் பிடிமானமும் குறைவு, இரண்டு மூன்று வாரத்தில் போய்விடும். ஆனாலும் உப்புத் தண்ணீர் ஊரில் இதற்கு ஒரு நியாயம் இருக்கிறது: கரைந்துபோகிற ஒரு படலம் மேலே இருந்தால் கறை அதோடு போகும். கோட்டிங் போட்டு ஒரு மாதமாவது ஆகட்டும். வாங்கும் டப்பாவில் கிளீனர் என்றோ, கீறல் நீக்கும் என்றோ எழுதியிருக்கக் கூடாது. அவற்றில் நுண்ணிய அரைப்பொருள் உண்டு, கோட்டிங்கையே அரைத்து மெலிய வைக்கும். பூச்சு மட்டும் தருகிற பேஸ்ட் வேக்ஸ் என்றால் பயமில்லை. கறுப்பு வண்டி வைத்திருப்பவர் பானெட்டுக்கும் கூரைக்கும் மட்டும் போட்டுப் பார்க்கலாம். கறை அதிகம் விழுவது அங்கேதான், கண் போவதும் அங்கேதான்.

அதில் மனமில்லாதவர்களுக்குச் சிலிக்கா ஸ்ப்ரே. டர்ட்டில் வேக்ஸ் ஹைப்ரிட் சொல்யூஷன்ஸ், கார்ப்ரோ ரீலோட், கியான் க்யூர் என்று பல உண்டு. துணியில் நாலு தடவை அடித்து, பேனலில் பரப்பி, காய்ந்த துணியால் துடைத்தால் முடிந்தது. முழு வண்டிக்கு 30, 40 மில்லி; இருபது நிமிடம். அதிகம் அடித்தால் கோடு கோடாகத் தெரியும், ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் சரியாகும். வேலைக்குக் குறை சொல்ல முடியாது: வழுக்கல் திரும்புகிறது, முத்து திரும்புகிறது. ருசி மட்டும் இல்லை. இன்ஸ்டன்ட் காபிக்கும் டிகிரி காபிக்கும் உள்ள தூரம்.

கடைசியாக, ஆயுத பூஜை. அன்றைக்குக் கோட்டிங்காரர், வேக்ஸ்காரர், ஒன்றுமே போடாதவர் எல்லோரும் வண்டியைக் கழுவுவார்கள். எல்லோருக்கும் ஒரே ஆபத்து பானெட் சந்தனம். காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டுவதுதான் கீறல். வெள்ளை வண்டியில் மஞ்சளும் குங்குமமும் திட்டாக நிற்கும். பொட்டைக் கண்ணாடியிலும் நம்பர் பிளேட்டிலும் வையுங்கள். பானெட்டில்தான் வைக்க வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால், முந்தைய நாள் அந்த இடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வேக்ஸ் தொட்டுவையுங்கள். மறுநாள் காலை ஈரத்துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு ஊறவைத்தால் சந்தனம் துணியோடு வந்துவிடும்.